தேக்கடி: படகைவிட்டு இறங்கி நடந்தபோது

"ஒரு மரம் காட்றேன், வாங்க" என்று சொல்லிவிட்டு எங்கள் வழிகாட்டி அண்ணன் பாதையிலிருந்து பத்தடி உள்ளே போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். ரொம்பப் பெரிய மரம் இல்லை. கட்டிப்பிடித்தால் என் இரண்டு கை விரல்களும் தொட்டுக்கொள்ளும். ஆனால் இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை ஒரு பக்கம் பட்டையே இல்லாமல் சாம்பல் நிறத்தில் கட்டை தெரிந்தது. அந்தக் காயத்தின் இரண்டு ஓரத்திலும் புதுப்பட்டை உதடு போலத் தடித்து, உருண்டு, உள்பக்கமாக வளர்ந்துகொண்டிருந்தது.

"இது வயணை, டீச்சர். இலையைக் கசக்கி மோந்து பாருங்க."

கசக்கினேன். பிரியாணிக்குத் தாளிக்கும்போது வருகிற அதே வாசனை. இலவங்கப்பட்டை இனத்துக் காட்டு மரம்.

"சுத்தி உரிச்சா மரம் பட்டுப்போயிடும். இதை முழுசா உரிக்கிறதுக்குள்ள ஆள் சத்தம் கேட்டுச்சு. போட்டுட்டு ஓடிட்டோம். அதான் இது பிழைச்சு நிக்குது."

"யாருண்ணே உரிச்சது?"

"நாங்கதான்."

விலாசம் கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பக்கத்தில் துப்பாக்கியோடு நின்ற வனக்காவலர் தலையை ஆட்டினார். அவருக்கு இது புதுக்கதை இல்லை. ஒரு காலத்தில் இந்த அண்ணனைத் துரத்தியவர்களின் துறையில்தான் அவர் வேலை பார்க்கிறார். இப்போது இரண்டு பேரும் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடுகிறார்கள்.

இது 2012 டிசம்பரில், கேரள எல்லையில் தேக்கடியில் இருக்கிற பெரியாறு புலிகள் காப்பகத்தில் நடந்தது. அதற்கப்புறம் பல தடவை அந்தக் காட்டுக்குள் நடந்துவிட்டேன். என் மாணவர்களையும் அழைத்துப்போயிருக்கிறேன். காட்டை நம்பி வாழ்கிறவர்கள் கையிலேயே காட்டின் காவலையும் சுற்றுலாவையும் கொடுத்தால் என்ன நடக்கும், எங்கெங்கே இடிக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்ததை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

நான் தேனி மாவட்டத்துக் கூடலூர்க்காரி. கம்பத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் கொஞ்சம் வயலும் ஒரு துண்டு திராட்சைத் தோட்டமும் உண்டு. இரண்டுக்கும் முல்லைப் பெரியாறுதான் உயிர். 1895இல் பென்னிகுவிக் கட்டிமுடித்த அணை தேக்கிவைத்த தண்ணீர், தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக எங்கள் பக்கம் இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான். ஜூன் வந்தால் எங்கள் ஊரில் எல்லார் வாயிலும் அணை எத்தனை அடி என்ற பேச்சுதான். அந்த அடிக்கணக்குக்குப் பின்னால் ஒரு காடு நிற்கிறது என்பதை மட்டும் நாங்கள் பேசியதே இல்லை. பெரியாறு புலிகள் காப்பகம் மொத்தம் 925 சதுர கிலோமீட்டர். பெய்கிற மழையைச் சருகிலும் வேரிலும் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏரிக்கு விடுவது அதில் இருக்கிற பசுமைமாறாக் காடும் சோலையும்தான். அந்த மரங்களின் பட்டையை உரித்தால் கடைசியில் வறள்வது எங்கள் வயல். இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்க முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

சின்ன வயதில் தேக்கடி என்றால் படகு, அவ்வளவுதான். விருந்தாளிகள் வந்தால் குமுளிக்குப் பஸ் ஏற்றி, படகில் உட்காரவைத்து, கரையில் யானை தெரிந்தால் ஒரு கூச்சல், அப்புறம் வாழைக்காய் வறுவலும் ஏலக்காயும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். தண்ணீருக்குள் நூறு வருடத்துக்கும் மேலாக நிற்கிற பட்டமரங்களும், அவற்றின்மேல் இறக்கையை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகங்களும்தான் அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தவை. ஆனால் நூறு பேர் பேசுகிற படகில் காடு எங்கே பேசும்?

2010இல் சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். குமுளி பஸ் நிலையத்தில் ஒருவர் வந்து "காட்டு சஃபாரி" இருக்கிறது என்று ஒட்டிக்கொண்டார். நல்ல விலை கொடுத்து ஜீப்பில் ஏறினோம். அது எங்களை ஏலத்தோட்டத்துக்குள் மூன்று மணி நேரம் குலுக்கிவிட்டுக் கொண்டுவந்து இறக்கியது. காப்பகத்தின் எல்லையைக்கூட அது தொடவில்லை. எங்கள் காசில் ஒரு ரூபாய்கூட அந்தக் காட்டுக்கோ காட்டில் இருப்பவர்களுக்கோ போகவில்லை என்பதுதான் பிற்பாடு என்னை அதிகமாக வருத்தியது. அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். குமுளியில் வழியில் மடக்கி விற்கிற எதையும் வாங்காதீர்கள். வனத்துறையின் சூழல் சுற்றுலா மையம் ஊருக்குள்ளேயே அம்பாடி சந்திப்பில் இருக்கிறது. நேராக அங்கே போங்கள், அல்லது காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். ரசீதில் பெரியாறு புலிகள் காப்பகம் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த மையத்தில் விசாரித்தபோதுதான் "புலித்தடம்" நடையைப் பற்றித் தெரிந்தது. ஒரு இரவு, இரண்டு பகல். வருகிறவர்கள் ஐந்தாறு பேருக்கு மேல் கூடாது. அவர்களுக்குச் சமமாகக் கிட்டத்தட்ட ஐந்து வழிகாட்டிகள், கூடத் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். நானும் வீட்டுக்காரரும் என் தம்பியும் பதிவு செய்தோம். புனேயிலிருந்து வந்த இரண்டு பையன்கள் சேர்ந்துகொண்டார்கள்.

கிளம்புமுன் அண்ணன் எங்கள் பைகளைத் திறக்கச் சொன்னார். சோப்பு, வாசனைத் திரவியம், பிஸ்கட் பொட்டலங்கள் எல்லாம் வெளியே போயின. என் தம்பியின் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, அவர்களிடம் இருந்த பச்சைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். ரத்தம் குடிக்கிற அட்டை ஏறாமல் இருக்க, முழங்கால் வரைக்கும் வரும் அட்டைக் காலுறையைச் சாதாரணக் காலுறைக்கு மேல் மாட்டி, இறுக்கிக் கட்டி, அதன்மேல் புகையிலைப் பொடியைத் தேய்த்துவிட்டார். மூங்கில் தெப்பத்தில் ஏரியின் ஒரு கையைக் கடந்து அக்கரையில் இறங்கியதும், "இனிமே வாய் பேசக்கூடாது. கண்ணும் காதும் பேசட்டும்" என்றார்.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு எதுவுமே தெரியவில்லை. எல்லாம் ஒரே பச்சை. அவர்களுக்கு அப்படி இல்லை. முன்னால் போகிறவர் நின்று சேற்றைக் காட்டுவார். பின்னால் வருகிறவர் காற்றை மோந்து கையை உயர்த்துவார், எல்லாரும் நிற்போம். சற்று நேரத்தில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்கும், யானை. வெடிப்பலா மரத்தடியில் முள் முள்ளாகக் கிடந்த காய்த்தோலை எடுத்துக் காட்டி, "காலையில கருமந்தி தின்னுட்டுப் போட்டது, ஈரம் காயலை பாருங்க" என்றார்கள். இருவாச்சி பறக்கும்போது வருகிற சத்தம், சின்ன ரயில் ஏறுகிற மாதிரி, தலைக்கு மேல் போயிற்று. இருபது வருடம் பாடப்புத்தகத்திலிருந்து "சூழல் மண்டலம்" சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த இரண்டு நாளில் அவர்கள் எனக்கு வாத்தியார்களாக இருந்தார்கள்.

புலியை நாங்கள் பார்க்கவில்லை. ஓடை மணலில் அதன் கால்தடத்தை மட்டும் பார்த்தோம். புனே பையன்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். புலி பார்க்கத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் காடு சரிப்படாது. அடர்த்தியான மழைக்காட்டில் அது நம்மைப் பார்க்கும், நாம் அதைப் பார்ப்பது அபூர்வம்.

மதியத்துக்கு மேல் ஒரு இடத்தில் வழிகாட்டிகள் எல்லாரும் சட்டென்று குனிந்தார்கள். ஒரு பாறை மறைவில் அணைந்த அடுப்பு. அண்ணன் சாம்பலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். இன்னொருவர் பக்கத்தில் கிடந்த பீடித்துண்டை எடுத்துப் பிரித்து, தூளை விரலில் உருட்டிப் பார்த்தார். மூன்றாமவர் சுற்றிலும் இருபதடி நடந்து, ஒடிந்த குச்சிகளைப் பார்த்துவிட்டு, "மூணு பேரு. நேத்து ராத்திரி தங்கியிருக்காங்க. போனது வடக்கால" என்றார். வனக்காவலர் வயர்லெஸ்ஸில் பேசினார். பதில் வர அரைமணி ஆனது. முந்தின இரவு ரோந்து வந்த வனத்துறைக் காவல் ஆட்கள்தான் அங்கே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள், மூன்று பேர். எல்லாரும் மூச்சுவிட்டு உட்கார்ந்தோம்.

அந்த அரைமணி நேரத்தில்தான் எனக்கு அடிப்படை புரிந்தது. நாங்கள் நடந்தது சுற்றுலாவுக்காகப் போட்ட பாதை இல்லை, ரோந்துப் பாதை. கள்ளத்தனமாக ஆள் நுழையக்கூடிய இடங்களாகப் பார்த்துத்தான் நடை போகிறது. நான் கட்டிய பணம் ஐந்தாறு தேர்ந்த கண்களை இரண்டு நாள் காட்டுக்குள் நடக்கவைத்திருக்கிறது. சுற்றுலா வேறு, பாதுகாப்பு வேறு என்று பிரிக்காமல் ஒரே நடையில் இரண்டையும் கட்டியிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ராத்திரி கூடாரத்துக்குச் சுற்றிலும் யானை தாண்டாத அகழி. கஞ்சியும் பயறும் சுட்ட அப்பளமும். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தை ஏரிக்குக் கொண்டுபோய்க் கழுவலாமென்று எழுந்தேன். அண்ணன் தடுத்தார். தண்ணீரை மொண்டு வந்து, அடுப்புச் சாம்பலால் தேய்த்து, கரையிலிருந்து தள்ளி நின்று கழுவினார். "இது உங்க ஊருக்குப் போற தண்ணி டீச்சர்" என்றார்.

அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பழைய கதை சொன்னார்கள். வயணைப் பட்டைக்கு மசாலா வியாபாரத்திலும் ஊதுபத்தி வியாபாரத்திலும் நல்ல கிராக்கி. அரிசி, உப்பு, கத்தி எடுத்துக்கொண்டு உள்ளே போனால் நாட்கணக்கில் தங்குவார்களாம். பட்டையை உரித்து, காயவைத்து, தலைச்சுமையாக ராத்திரியில் இறக்குவார்கள். சாப்பாட்டுக்கு வேட்டை. பிடிபட்டால் அடி, ஜெயில், வழக்கு. வழக்குச் செலவுக்கு வியாபாரியிடம் கடன், கடனை அடைக்க மறுபடி பட்டை. லாபம் முழுக்க வியாபாரிக்கு. "போலீஸ் வருதோ ஃபாரஸ்ட் வருதோன்னு பிள்ளை பிறந்த அன்னிக்குக்கூட வீட்டுக்குப் போகலை" என்று ஒருவர் சொன்னார். அவர் அதற்குமேல் பேசவில்லை.

1996இல் உலக வங்கியின் உதவியோடு, காட்டையும் காட்டோர மக்களின் பிழைப்பையும் சேர்த்துக் காக்கிற இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நாட்டில் சில காப்பகங்களில் தொடங்கியது. பெரியாறு அதில் ஒன்று. அப்போது இங்கிருந்த வனத்துறை அதிகாரிகள் செய்த தைரியமான காரியம், இந்த ஆட்களை எதிரே உட்காரவைத்துப் பேசியதுதான். 1998இல் 23 பேர் கடத்தலை விட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் மேலிருந்த வழக்குகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. பதிலுக்கு அவர்கள் ஆயுதத்தைப் போட்டார்கள், கடத்தல் வழிகளைச் சொன்னார்கள். முன்னாள் வயணைப் பட்டை சேகரிப்போர் என்ற பெயரிலேயே அவர்களுக்கு ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைந்தது. பழைய பெயரை மறைக்காமல் வைத்துக்கொண்டதில் ஒரு நேர்மை இருக்கிறது. புலித்தடம் நடையை நடத்துவது இந்தக் குழுதான்.

பணம் எப்படிப் போகிறது என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். சொந்தக்காரர்களோடு ஏமாந்தது மனதில் இருந்தது. நடைக்கு நாம் கட்டுவது வழிகாட்டியின் சட்டைப்பைக்கு நேரே போவதில்லை. குழு உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் போல ஒரு நிலையான தொகை, ஒரு பங்கு குழுவின் பொதுநிதிக்கு, இன்னொரு பங்கு பெரியாறு அறக்கட்டளைக்கு. ஆள் வராத மாதத்திலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. உலக வங்கித் திட்டம் 2004இல் முடிந்தது. வெளிப்பணம் நின்றால் எல்லாம் சரிந்துவிடுமே என்று யோசித்து அந்த ஆண்டே அறக்கட்டளையைத் தொடங்கிவிட்டார்கள். 2006இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஒரு அறக்கட்டளை வேண்டும் என்றே ஆக்கினார்கள்.

நம் பழக்கத்தில் நல்ல வழிகாட்டி கிடைத்தால் தனியாகக் கூப்பிட்டுக் கையில் ஒரு நோட்டைத் திணிப்போம். நானும் செய்யப்போனேன். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சமையல் செஞ்சவன் யார்ட்டயும் பேசவே இல்ல. அவனுக்கு யார் கொடுப்பா? கொடுக்கணும்னா எல்லார் முன்னாடியும் குழுவுக்குக் கொடுங்க." இதை நான் மாணவர்களிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லிக் கூட்டிப்போகிறேன். குழுவாக நிற்கிறவர்களை நம் தாராளத்தால் பிரித்துவிடக் கூடாது.

மன்னான்களும் பளியர்களும் இந்தக் கதைக்கு முன்பிருந்தே அங்கே இருக்கிற பழங்குடிகள். குமுளி ஓரத்தில் மன்னாக்குடி, பளியக்குடி என்று அவர்கள் குடியிருப்புகள். இரண்டு பேர் பேச்சும் நம் தமிழோடு ஒட்டி வரும். மூன்று மணி நேர இயற்கை நடைக்குப் போனால் பெரும்பாலும் அவர்களில் ஒருவர்தான் கூட வருவார். எனக்கு வந்தவர் ஒரு பளியர். என் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு செடிக்கும் நின்றார். இது சிராய்ப்புக்கு, இது வயிற்றுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு செடியிடம் வந்ததும் பெயர் சொல்லவில்லை. கேட்டதற்கு, "இதைச் சொன்னா நாளைக்கு வேரோட பிடுங்க ஆள் வரும்மா" என்றார். நான் வற்புறுத்தவில்லை. நீங்களும் வற்புறுத்தாதீர்கள். காசு கொடுத்து நடக்கிறோம் என்பதால் எல்லாத் தகவலும் நமக்குச் சொந்தமாகிவிடாது.

அவர்களுடைய மிளகுக் கதையைக் காட்டுக்கு வெளியே பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அருமையான மிளகு விளையும், ஆனால் விளைச்சல் அவர்களுடையதாக இருக்காது. கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பூக்கிற முன்பே கொடியை அடகு வைத்திருப்பார்கள். அடிமாட்டு விலைக்குப் போகும். கடன் அப்படியே நிற்கும். வயிற்றுப்பாட்டுக்குக் காட்டுக்குள் விறகும் வேறு பொருளும் எடுக்கப் போக வேண்டியதுதான். திட்டம் வந்தபோது செய்த முதல் வேலை, அந்தக் கடனைத் தீர்த்துக் கொடியை மீட்டதுதான். அப்புறம் குழுவாகச் சேர்ந்து சந்தை விலைக்கு விற்றார்கள், இயற்கை வேளாண்மைச் சான்றிதழும் வாங்கினார்கள். நம் ஊர்களில் காட்டோர மக்களுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கழுத்துவரை கடனில் இருப்பவரிடம் காட்டின் அருமையைப் பேசி என்ன ஆகும்? அவருக்கு அதன் அருமை நம்மைவிட நன்றாகத் தெரியும். கடன்காரர்தான் அவரைக் காட்டுக்குள் துரத்துகிறார்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வசந்தசேனை என்று ஒரு அமைப்பு. காட்டோரக் குடும்பங்களின் பெண்கள் முறை வைத்து, நாளுக்கு ஐந்தாறு பேராகச் சேர்ந்து காட்டுக்குள் ரோந்து நடக்கிறார்கள். சம்பளம் இல்லை. ஒருநாள் அவர்களைத் தேக்கடிச் சாலையோரம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். தூக்குவாளியைத் திறந்து எனக்கும் மரவள்ளிக் கப்பையும் மீன் குழம்பும் வைத்தார்கள். சம்பளமே இல்லாமல் எதற்கு நடக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு அக்கா சொன்ன பதிலை வகுப்பில் இன்றும் சொல்கிறேன்: "வீட்டுக்காரருக்குக் கைடு வேலை, அது காடு கொடுத்தது. மாசத்துல ஒரு நாள் அதுக்கு நடக்கக் கூடாதா?" அந்தப் பதில் எனக்கு மரியாதையையும் தந்தது, ஒரு உறுத்தலையும் தந்தது. ஆண்களுக்குக் கூலியாகிற வேலை பெண்களுக்குச் சேவையாகத்தான் இருக்க வேண்டுமா? இப்படி ஒன்றைத் தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்கள், பெண்களின் நடைக்கும் கூலி வைத்தே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழையும் அட்டையும் அதிகம். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் முதல் நடைக்கு நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்குமான மாதங்கள் நல்லவை. அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தை அதன் வாயோரம் பக்கவாட்டில் நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். புலித்தடம் நடையில் இரண்டு நாளில் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மூங்கில் தெப்பப் பயணத்தையோ இயற்கை நடையையோ எடுத்துக்கொள்ளலாம். சின்னக் குழந்தைகளுக்கு எதில் அனுமதி உண்டு என்று பதியும்போதே கேளுங்கள். என் மகளைப் பதின்மூன்று வயதில்தான் தெப்பத்தில் கூட்டிப்போனேன். சொந்த வண்டியைப் படகுத்துறை வரை விடமாட்டார்கள், ஆனவச்சாலில் நிறுத்திவிட்டுக் காப்பகத்தின் பஸ்ஸில் போக வேண்டும். அதை அலைச்சல் என்று நினைக்காதீர்கள். முன்பு அந்தச் சாலையில் வண்டி வரிசையாக நிற்கும். இப்போது மந்திகள் கடக்கின்றன.

இன்னொன்று, கேள்வி கேட்கும் விதம். முன்னாள் கடத்தல்காரர் என்று தெரிந்ததும் சிலர் கேமராவை முகத்துக்கு நேரே நீட்டி, எத்தனை யானை கொன்றீர்கள் என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் இறுகிவிடும். அவருக்குப் பள்ளிக்குப் போகிற பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். மரத்தைக் கேளுங்கள், பறவையைக் கேளுங்கள், மீதி தானாக வரும்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் காப்பகம் பூட்டப்பட்டது. சுற்றுலா வருமானம் ஒரே நாளில் நின்றது. அண்ணனுக்கு போன் போட்டேன். "ஆள்தான் வரல டீச்சர். நாங்க உள்ளே போய்க்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தாலும், ஒரே வருமானத்தை நம்பியிருப்பதன் ஆபத்து அன்று தெரிந்தது. மிளகுக்கொடி உள்ளவர்களும் மாடு வைத்திருந்தவர்களும் சமாளித்தார்கள். நடையை மட்டும் நம்பியிருந்தவர்கள் திணறினார்கள். அப்புறம், அந்த 23 பேரில் பலருக்கும் வயதாகிவிட்டது. சாம்பலில் கைவிட்டு நேரம் சொல்கிற அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவதைக் குறை சொல்ல முடியாது, அதற்காகத்தானே அப்பாக்கள் கத்தியைக் கீழே போட்டார்கள். ஆனாலும் யாராவது நான்கு பேர் கூடவே நடந்து அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்கு இன்னும் போதுமான அளவு எதுவும் நடக்கவில்லை என்பது என் கருத்து.

நாங்கள் எங்கள் பக்கம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெரியாற்றின் காடு எல்லைக்கல்லோடு முடிந்துவிடுவதில்லை. இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டு அதோடு ஒட்டி நிற்கிறது. யானைக்கும் புலிக்கும் இரண்டும் ஒரே காடு. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரா பௌர்ணமி அன்று, மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு எங்கள் ஊர்ச் சனம் எங்கள் பக்கத்துப் பளியன்குடி வழியாக மலையேறும். கோயில் பெரியாறு காப்பகத்துக்குள் இருப்பதால் அந்த ஒரு நாள்தான் அனுமதி. நானும் சில ஆசிரியர்களும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அடிவாரத்தில் நின்று, ஏறுகிறவர்களின் பிளாஸ்டிக் பைகளை வாங்கித் துணிப்பை கொடுக்கத் தொடங்கினோம். முதல் வருடம் பலகை எழுதி, ஒலிபெருக்கியில் பேசினோம். யாரும் நின்று கேட்கவில்லை. அடுத்த வருடம் அந்த ஊர்ப் பளியர் பெண்கள் இருவரிடம் கேட்டு, அவர்களை முன்னால் நிறுத்தினோம். அன்றைய நாளுக்குக் கூலியும் கொடுத்தோம். "தாயி, அந்தப் பையைக் கொடு. யானை தின்னா செத்துப்போகும். எங்க வீட்டுக்குப் பக்கத்துல வர யானை அது" என்று அவர்கள் சொன்னதும் சனம் பையைக் கொடுத்தது. நான் மைக்கில் சொன்னதும் அதேதான். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தானே யானை வருகிறது.

இந்தத் தை மாதம் மறுபடி புலித்தடம் போனோம், இந்த முறை மகளும் வந்தாள். வீட்டுத் தோட்டத்துப் பன்னீர் திராட்சை ஒரு கூடை கொண்டுபோயிருந்தேன். முகாமில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எனக்கு ஆசை. அண்ணனுக்கு இப்போது முடி முழுக்க நரைத்துவிட்டது. கூடையைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் உள்ளே விடவில்லை. "இங்கேயே தின்னு தீத்துட்டுத்தான் கிளம்பணும்" என்றார். அம்பாடி சந்திப்பில் சுவரோரம் உட்கார்ந்து, வழிகாட்டிகளும் வனக்காவலரும் நாங்களுமாகக் கூடையைக் காலி செய்தோம். அண்ணன் ஒரு பழைய செய்தித்தாளை நடுவில் விரித்து, எல்லாரையும் விதையை அதில் துப்பச் சொன்னார். கடைசியில் அதை மடித்து, என் மகள் கையில் கொடுத்தார். "காரிலயே வச்சுட்டு வா பாப்பா. பையில போட்டு உள்ளே கொண்டுவந்துடாதே" என்றார். அவள் காரை நோக்கி ஓடினாள். நாங்கள் அட்டைக் காலுறையைக் கட்ட உட்கார்ந்தோம்.